என் பெயரில் இருந்த இடதுகைத் துப்பாக்கி

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அபுதாபியின் அல் ஐன் பக்கத்துத் தோட்டங்களில் ஆள் நடமாட்டம் நின்றுவிடும். வெயில் இறங்கும்வரை எல்லாரும் படுத்துக் கிடப்பார்கள். நான் மட்டும் கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருப்பேன். எழுந்து ஜன்னலைப் பார்ப்பேன், கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்ப்பேன், திரும்பவும் உட்காருவேன். கட்டிலுக்குக் கீழே பழைய கம்பளியில் சுற்றிய ஒரு துப்பாக்கி இருந்தது. அதை முதலில் தலைமாட்டில் வைத்திருந்தேன். பிறகு கால்மாட்டுக்கு மாற்றினேன். அப்புறம் சுவரோரமாகத் தள்ளி, முன்னால் என் தகரப் பெட்டியை வைத்து மறைத்தேன். எங்கே வைத்தாலும் நிம்மதி இல்லை.

அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் அத்தனை பேரும் அது என் துப்பாக்கி என்றே நம்பினார்கள். அது என்னுடையது அல்ல. அது தெரிந்தவர்கள் அந்தத் தோட்டத்தின் முதலாளியும், சமையல்காரரும், நானும் மட்டுமே.

எழுபதுகளின் நடுவில் நான் அங்கே டிரைவராக இருந்தேன். முதலாளியை எல்லாரும் அர்பாப் என்போம். அரபியும் பம்பாய் இந்தியும் கலந்து பேசுவார். எனக்குப் புரிந்த அளவில்தான் அவர் பேச்சை இங்கே எழுத முடியும். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வேறு ஆட்கள் இருந்தார்கள். குளிர்காலத்தில் அர்பாப் வேட்டைக்குப் போகும்போது ஜீப்பு ஓட்டுவதுதான் என் வேலை. மற்ற மாதங்களில் ஜீப்பைக் கழுவிக்கொண்டு அடுத்த குளிர்காலத்துக்குக் காத்திருப்பேன். வேட்டை இருந்தால் ஜீப்பு இருக்கும், ஜீப்பு இருந்தால் நான் இருப்பேன்.

அவருடைய வலது கண்ணில் பூ விழுந்தது. முதலில் புகை மாதிரி இருக்கிறது என்றார். பம்பாய்க்குப் போய்க் காட்டிவிட்டு வந்தார். என்ன சொன்னார்கள் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. விமான நிலையத்திலிருந்து வரும் வழியெல்லாம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தவர், தோட்டத்து வாசலில் இறங்கும்போது ஒரே வார்த்தை சொன்னார்.

“கலாஸ்.” முடிந்துபோயிற்று என்று அர்த்தம்.

துப்பாக்கி சுடுகிற யாருக்கும் தெரியும், வலது தோளில் கட்டையைச் சாய்த்தால் வலது கண்ணால்தான் குறி பார்க்க முடியும். இடது கண் நன்றாக இருந்தது. அதற்குக் கட்டையை இடது தோளுக்கு மாற்ற வேண்டும். அவருடைய பழைய துப்பாக்கியை அப்படி மாற்றிப் பார்த்தார். ஒரு தோட்டாவைச் சுட்டுவிடலாம். அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டின் பிடி வலது பக்கம் இருக்கிறதே! அதைப் பிடிக்க முகத்துக்குக் குறுக்கே கையை நீட்ட வேண்டும், இல்லாவிட்டால் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்க வேண்டும். மான் அதுவரை நின்றுகொண்டா இருக்கும்? அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் வேட்டைக்குப் போகவில்லை. ஜீப்பு ஷெட்டில் நின்றது. நான் தினமும் அதை ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் உறுமவிட்டு அணைத்தேன்.

அப்போதுதான் ஒரு வெள்ளைக்காரர் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். நிலம் அளக்கிற வேலையில் வந்தவர், ஒப்பந்தம் முடிந்து கிளம்புகிறார். குளிர்ப்பெட்டி வாங்கலாமென்று அர்பாப் என்னை அழைத்துக்கொண்டு போனார். குளிர்ப்பெட்டி அதற்குள் விற்றுப்போய்விட்டது. சுவரில் ஒரு துப்பாக்கி சாய்ந்திருந்தது. வந்தவர்கள் எல்லாரும் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனார்களாம். போல்ட்டின் பிடி இடது பக்கம் இருந்தது. அந்த வெள்ளைக்காரர் இடதுகைக்காரர்.

பார்க்க அது ஒன்றும் அழகான சாமான் இல்லை. விலை குறைந்த ரகமாகவே செய்திருந்தார்கள். கட்டையில் வேலைப்பாடு கிடையாது, பளபளப்பும் கிடையாது. ஒரு பக்கம் ஜீப்பின் கதவிலோ எதிலோ உரசி நீளமாகக் கீறல். குழலின் கறுப்பு அங்கங்கே தேய்ந்து பழுப்பு ஏறியிருந்தது. முன்குறி லேசாக வளைந்திருந்தது. ஊரில் எல்லாருக்கும் வலது கை, அதனால் அதைக் கிட்டத்தட்ட சும்மாவே கொடுத்தார். கொடுத்த பிறகும் அவர் கை அந்தப் பிடியின் உருண்டையைத் தடவிக்கொண்டே இருந்தது. எங்கள் ஜீப்பு தெருமுனை திரும்புகிறவரை வாசலில் நின்றார்.

வழியில் அர்பாப் அதை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் போல்ட்டைத் திறப்பதும் மூடுவதுமாக வந்தார். கடக், கடக் என்று சத்தம். எனக்குக் கியர் போடுவதே மறந்துபோயிற்று.

இந்த இடத்தில் என் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நானும் நொட்டாங்கைக்காரன். சாப்பிடவும் எழுதவும் மட்டும் சின்ன வயதில் அடித்து வலது கைக்கு மாற்றிவிட்டார்கள். ஆணி அடிக்க, கல் எறிய, ஸ்பேனர் பிடிக்க எல்லாம் இடது கைதான். வெளியாட்கள் பார்க்கிற இடத்தில் முடிந்தவரை மறைத்துக்கொள்வேன். கடையில் காசு கொடுக்கும்போது கூட ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் கையை நீட்டுவேன். அரபு நாட்டிலும் நல்ல காரியம் எதுவென்றாலும் வலது கைதான் என்று தெரிந்தபோது, நம் ஊரிலிருந்து தப்பித்து இன்னொரு நம் ஊருக்கே வந்த மாதிரி இருந்தது.

சமையல்காரர் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து முஸ்லிம். என் ஊரும் அங்கேயிருந்து தூரமில்லை. எங்கள் பக்கம் அவர்களும் நாங்களும் மாமன், மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். துப்பாக்கியைப் பார்த்ததும் அவர் கேட்டார்:

“என்ன மாப்ளே, ஒங்கைக்குன்னே அளவெடுத்துத் தச்ச மாதிரியில்ல இருக்கு? வெள்ளக்காரன்லயும் பீச்சாங்கை இருக்கானா?”

“இருக்கான் போல மாமா.”

“அப்ப நீ தனியாள் இல்ல. சங்கம் வச்சிரலாம்.”

அர்பாப்புக்கு அந்தக் கேலிதான் பயம். கண் போனதை விட, இடது தோளில் துப்பாக்கி வைப்பதை யாராவது பார்த்துவிடக் கூடாதே என்பதே அவருக்குப் பெரிய கவலை. ஆகவே சாலையிலிருந்து வெகுதூரம் உள்ளே போவோம். கூழாங்கல் பரந்த வெட்டவெளி. எங்கள் ஊர் உடை மரம் மாதிரியே குடை விரித்த வேல மரங்கள் அங்கொன்று இங்கொன்றாக நிற்கும். பால்பவுடர் டப்பாக்களில் மண் நிரப்பி வரிசையாக வைப்பேன். அவர் ஜீப்பின் முன்மூடியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு சுடுவார்.

முதல் நாட்கள் பார்க்கப் பாவமாக இருந்தது. கட்டையை இடது தோளில் வைப்பார், தலை பழக்கத்தில் வலது பக்கம் சாயும். சுட்டதும் வலது கை போல்ட்டைத் தேடி எழும்பும். அங்கே ஒன்றும் இருக்காது. காற்றைப் பிடித்துவிட்டு அந்தக் கை அப்படியே நிற்கும். அவர் யாரையோ திட்டுவார், அநேகமாக அந்தக் கையைத்தான். நிமிர்ந்து நடப்பார். ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வருவார். திரும்ப வந்து முன்மூடியில் சாய்வார். அவர் நடக்கும்போது எனக்கும் நிற்க முடியாது, நானும் சும்மா டப்பாக்களை எடுத்து எடுத்து வைப்பேன்.

துப்பாக்கியிலும் ஒரு கோளாறு இருந்தது. சுட்டோ வெயிலிலோ சூடு ஏறினால் சுட்ட தோட்டாவின் காலிக் கூடு உள்ளே பிடித்துக்கொள்ளும். போல்ட்டின் பிடியை உள்ளங்கையால் கீழிருந்து ஓங்கித் தட்டினால்தான் விடும். வளைந்த முன்குறியைப் பார்த்து நிமிர்த்த அவர் என்னிடம் கொடுத்தார். நிமிர்த்தினேன். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, சுடு என்றார்.

அதற்கு முன் நான் துப்பாக்கியைத் தொட்டதில்லை. இடது தோளில் வைத்தேன். கன்னம் தானாகக் கட்டையில் படிந்தது. இடது கை எதையும் தேடவில்லை. என் வாழ்க்கையில் ஒரு சாமானைத் தூக்கி, இதை எப்படிப் பிடிப்பது என்று யோசிக்காதது அதுதான் முதல் தடவை. கத்தரிக்கோல், அரிவாள், தண்ணீர்க் குழாய், எல்லாவற்றோடும் கொஞ்சம் மல்லுக்கட்டியே பழகியவன் நான். டப்பா விழுந்தது. அர்பாப் அடுத்த தோட்டாவைக் கொடுத்தார்.

அதன் பிறகு எனக்கும் ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று தோட்டா கிடைத்தது. ஒருநாள் முள்புதரிலிருந்து ஒரு முயல் எழும்பியது. அர்பாப் “ஷூஃப், ஷூஃப்”, பார், பார் என்று கத்தினார். துப்பாக்கி என் கையில் இருந்தது. சுட்டேன். முயல் அங்கேயே செத்து விழுந்தது. பெருமையாகக் காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனேன்.

“இத என் சட்டியில போட முடியாது மாப்ளே” என்றார் சமையல்காரர்.

“ஏன்?”

“சுட்டது நீயி. கத்தி படுறதுக்கு முந்தி உசுரும் போயிருச்சு. உசுரோட கொண்டாந்திருந்தா நான் அறுத்திருப்பேன்.”

“அர்பாப் சுட்டது எத்தனையோ செத்துத்தான வந்திருக்கு? அதையெல்லாம் ஆக்கிப் போட்டீகளே.”

“அவரு பிஸ்மி, அதான் அல்லா பேரு, சொல்லிட்டுச் சுடுறாரு. அப்பிடிச் சுட்டு அங்கனயே செத்தா அது ஆகும். நீ என்னத்தச் சொல்லிச் சுட்ட?”

“முருகான்னேன்.”

“அப்ப முருகனுக்கே ஆக்கிப் போடு. அடுப்பு வேணா தாறேன், சட்டி கெடையாது.”

வெளியே மூன்று கல்லைக் கூட்டி, பால்பவுடர் டப்பாவிலேயே அந்த முயலை வேகவைத்துத் தின்றேன். பாதி வெந்தும் பாதி வேகாமலும், பால் வாசனையோடு இருந்தது. சமையல்காரர் உப்பும் மிளகாய்த்தூளும் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து தூரத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அர்பாப்பின் தம்பி பக்கத்து ஊரில் பெரிய ஆள். கட்டட காண்ட்ராக்ட், லாரிகள், லேபர் கேம்ப் எல்லாம் வைத்திருந்தார். சத்தமாகச் சிரிப்பார். அவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். ஜீப்பின் பின்சீட்டில் அந்தத் துப்பாக்கி கிடந்தது. கையில் எடுத்தார், போல்ட்டைத் தேடினார், மறுபக்கம் திருப்பிப் பார்த்தார்.

“இது என்ன பிசாசு? யாருடையது?”

அர்பாப் என் பக்கம் தாடையைக் காட்டினார். “டிரைவருடையது. அவன்தான் இடதுகைக்காரன். ஆட்டுப்பட்டிக்கு நாய் வருகிறது என்று வாங்கிக் கொடுத்தேன்.”

தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். “ஹிந்தி துப்பாக்கி வைத்திருக்கிறான், அண்ணன் தஸ்பீஹ் மணி உருட்டுகிறார்!” என்று தன்னுடன் வந்தவர்களிடம் சொன்னார். நம் நாட்டிலிருந்து போன எல்லாரையும் அங்கே ஹிந்தி என்றுதான் சொல்வார்கள்; கூப்பிடும்போது ரஃபீக், அதாவது தோழா. அன்றைக்கே அந்தத் துப்பாக்கியை என் அறைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார் அர்பாப். அப்போது தோட்டங்களில் துப்பாக்கி இருப்பதை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. ஆனாலும் எனக்குப் பயம் விட்டுப்போகவில்லை. பேரீச்சை மரம் ஏறுகிற பலூச்சிஸ்தானத்து ஆட்கள் என்னைக் கண்டால் இடது கையால் சலாம் வைத்துச் சிரித்தார்கள். மூட்டை தூக்குகிறவன்கூட “க்யா பாய், பந்தூக் டீக் ஹை?” என்று துப்பாக்கியின் சுகத்தைக் கேட்டுவிட்டுப் போவான். கூட்டத்தில் நின்றால் யார் கண்ணிலும் படாமல் இருப்பதே என் பழக்கம். இப்போது தெருவில் நடக்க முடியவில்லை.

ஆனால் அதைத் துடைத்து எண்ணெய் போடும்போது மட்டும் கை நிதானமாக இருக்கும். தையல் மெஷின் எண்ணெய் நிறையப் போட்டால் மண் ஒட்டிக்கொள்ளும், ரொம்பக் கொஞ்சமாகத்தான் போட வேண்டும் என்று போட்டுக் கெடுத்த பிறகு தெரிந்துகொண்டேன். சமையல்காரருக்கு அந்த வாசனை பிடிக்காது. “சோத்துலயும் தையக்கடை வாட அடிக்குது” என்பார்.

அடுத்த குளிர்காலத்தில் அர்பாப்பின் கடைசி மகனுக்குக் கல்யாணம் வந்தது. பேச்சு நடந்துகொண்டிருந்த கூடத்தில் நான் காவா என்கிற அரபிக் காப்பி ஊற்றும் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். தம்பி சொன்னார்: “மான்கறியை நான் அனுப்புகிறேன். உனக்கு எதற்கு இனிமேல் அலைச்சல்? நீ பெண்கள் பக்கம் நிழலில் உட்கார்.”

கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அர்பாப்பும் சிரித்தார். பிறகு குவளையைக் கீழே வைத்தார்.

“மகன் கல்யாணத் தட்டில் நான் சுட்ட மான் இருக்கும். இல்லையென்றால் ஜீப்பு உனக்கு, என் துப்பாக்கிகள் எல்லாம் உனக்கு. இனி வேட்டை என்ற பேச்சே கிடையாது.”

“டிரைவர்?” என்றார் தம்பி.

“அவனும்தான். உன் சிமெண்ட் வேலைக்கு எடுத்துக்கொள்.”

பாத்திரத்தை அப்படியே கீழே வைத்தேன். வெளியே வந்து சமையல்காரரிடம் சொன்னேன்.

“அந்தாளு கேம்பப் பாத்திருக்கியா நீ?” என்றார் அவர்.

பார்த்திருந்தேன். ஒரு தடவை ஆள் ஏற்றப் போயிருக்கிறேன். அடுக்குக் கட்டில்கள், ஒருவர் காலடியில் ஒருவர் தலை, நடுவில் கொடி கட்டித் துணி. ஒரே நேரத்தில் எல்லாரும் பேசுவார்கள். மனிதர்கள் கெட்டவர்கள் இல்லை. எனக்குத்தான் அவ்வளவு பேர் நடுவில் மூச்சு வராது.

“வரக் கூடாதது வந்தா என்ன பண்றது மாமா?”

“என்னத்தப் பண்ண? இந்தாளு கண்ணு பொழச்சாத்தான் ஒன் பொழப்பு. போயி டப்பாவ அடுக்கு.”

அடுக்கினேன். தினமும் போனோம். இப்போது அர்பாப்பின் டப்பாக்கள் விழுந்தன. ஆனால் அவசரத்தில், திடீரென்று நான் ஒரு கல்லை எறிந்து “அதோ” என்றால், வலது கை பழையபடி காற்றைத் தேடும். டப்பா காத்திருக்கும், மான் காத்திருக்காது என்பது அவருக்கும் தெரியும். சாப்பிட உட்கார்ந்தாலும் இடது கைவிரல்கள் முழங்காலின் மேல் போல்ட்டைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும்.

கல்யாணத்துக்கு முந்தின நாள், விடியும்போதே கிளம்பினோம். அர்பாப் என் பக்கத்தில், சமையல்காரர் பின்சீட்டில். மான் கிடைத்தால் தோலுரிக்க அவர் வேண்டும். தம்பியும் தன் கூட்டாளிகளோடு இன்னொரு ஜீப்பில் வந்திருந்தார். அண்ணன் தோற்பதைப் பக்கத்திலிருந்து பார்க்க ஆசை. “ஆளுக்கொரு பக்கம்” என்று அர்பாப் சொன்னதால் அவர்கள் மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் போனார்கள். தூரத்தில் அவர்களுடைய புழுதி மட்டும் எழும்பி எழும்பி அடங்கியது.

வெயில் ஏறும்வரை ஒன்றும் கண்ணில் படவில்லை. அர்பாப் ஒரு இடத்தில் நிற்கவிடவில்லை. “யல்லா, அங்கே.” போனால், “இல்லை, இங்கே.” நான் ஸ்டியரிங்கை ஒடித்து ஒடித்துத் திருப்பினேன். சமையல்காரர் பின்னால் இடித்துக்கொண்டே வந்தார்.

“மாப்ளே, மானுக்கு முந்தி நான் செத்துருவேன்டா.”

“கம்பியப் பிடிச்சுக்குங்க மாமா.”

“கம்பியத்தான்டா பிடிச்சிருக்கேன், அது கையோட வந்துருச்சு.”

அப்போது பார்த்தேன். ஒரு வேல மரத்துக்குக் கீழே, மண் நிறத்திலேயே ஒன்று தலையை உயர்த்தியது. எங்கள் ஊர் மானைவிடச் சிறியது. ஒரு வெள்ளாட்டு அளவுதான். எஞ்சினை அணைத்தேன். நான் கை காட்ட வேண்டியிருக்கவில்லை. அர்பாப் ஏற்கனவே இறங்கி முன்மூடியில் சாய்ந்துவிட்டார். நானும் மெதுவாக இறங்கி அவருக்கு இடது பக்கம், தோட்டாப் பையோடு குனிந்து நின்றேன். அவர் உதடு அசைந்தது. “பிஸ்மில்லா” என்று மூச்சுக்காற்றாகவே வந்தது. என் காதுக்கும் அவர் வாய்க்கும் ஒரு சாண்தான் இருக்கும்.

சுட்டார். மானுக்கு முன்னால் கூழாங்கல் தெறித்தது. மான் துள்ளிப் பத்தடி ஓடி, சத்தம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் நின்றது.

அவருடைய வலது கை எழும்பியது. காற்றைப் பிடித்தது.

என் இடது கை தானாக முன்னே போயிற்று, அதை வலது கையால் பிடித்து நிறுத்திக்கொண்டேன். அவர் இடது கையைப் போல்ட்டுக்குக் கொண்டுபோனார். இழுத்தார். வரவில்லை. கூடு உள்ளே பிடித்துக்கொண்டது. மான் காதை மட்டும் திருப்பியது. அர்பாப் கண்ணை மானிலிருந்து எடுக்காமலே உள்ளங்கையால் பிடியைக் கீழிருந்து ஓங்கித் தட்டினார். கூடு பறந்து என் நெஞ்சில் பட்டு விழுந்தது. அடுத்த தோட்டா உள்ளே போன சத்தம் கேட்டது. மறுபடி உதடு அசைந்தது.

இந்தத் தடவை மான் ஓடவில்லை.

ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அது முழுதாக அடங்கியிருந்தது. அர்பாப் இறங்கும் முன் துப்பாக்கியை என் கையில் திணித்தார். அது ஒரு வருடப் பழக்கம். யார் வந்தாலும் அது என் கையில் இருக்க வேண்டும். அவர் கத்தியை எடுத்துக்கொண்டு மண்டியிட்டு, மானின் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கத்தியை மடக்கினார். அவர் முகத்தில் அப்போது இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பூ விழுந்த கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்தது.

வெடிச் சத்தம் கேட்டுத் தம்பியின் ஜீப்பு வந்து நின்றது. அவர் மானைப் பார்த்தார். காயத்தைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். குழலில் கை வைத்தார்.

“சுடுகிறது! யா ரஃபீக், நீயா?” என் முதுகில் ஓங்கி அறைந்தார். அவர் கூட்டாளிகளும் வந்து அறைந்தார்கள். “சபாஷ், ஹிந்தி, சபாஷ்!”

அர்பாப் மண்டியிட்டபடியே இருந்தார்.

“நல்ல மான், அண்ணா” என்றார் தம்பி. “ஆனால் ஹிந்தி சுட்டது. கத்தி படுவதற்குள் செத்தும் போயிற்று. இது கல்யாணத் தட்டுக்கு ஆகாது. நாய்க்குப் போடு. ஜீப்புச் சாவியை இப்போது தருகிறாயா, வீட்டில் தருகிறாயா?”

சிரிப்பு. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஒரு வார்த்தை நான் சொன்னால் போதும். ஆனால் அந்த வார்த்தை என்னுடையது இல்லை. ஒரு வருடமாக என் கட்டிலுக்குக் கீழே நான் காத்தது அந்தத் துப்பாக்கியை மட்டுமா? இடது கை வியர்த்து, கட்டை வழுக்கியது. சமையல்காரர் பின்னாலிருந்து தமிழில் முணுமுணுத்தார்.

“வாயத் தொறந்துராத மாப்ளே.”

“நீங்க சொல்லுங்க மாமா.”

“நானா? எனக்குப் பிள்ள குட்டி இருக்குடா.”

அர்பாப் எழுந்தார். முழங்காலிலிருந்த மண்ணைத் தட்டினார். மானையும் தம்பியையும் ஒருமுறை பார்த்தார். நேராக என்னிடம் வந்தார். அத்தனை பேர் முன்னால் இடது கையை நீட்டினார்.

“கொடு.”

கொடுத்தேன். அவர் அதை இடது தோளில் ஏற்றி, இடது கையால் போல்ட்டைத் திறந்தார். காலிக் கூடு தெறித்துத் தம்பியின் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது.

“இது என்னுடையது. வாங்கிய நாளிலிருந்து என்னுடையது. நான்தான் சுட்டேன்.”

“இடது கையாலா?”

“அல்லா எனக்கு விட்டுவைத்த கண் இந்தப் பக்கம் இருக்கிறது. நீ மறுபக்கம் ஒரு கண் தருவாயானால் கொடு, அந்தக் கையால் சுடுகிறேன்.”

யாரும் சிரிக்கவில்லை. கூட்டாளிகளில் வயதான ஒருவர் மட்டும், “பேர் சொல்லிச் சுட்டாயா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“சொன்னேன்.”

“கேட்டவர்கள்?”

கேட்டது நான். ஆனால் அந்தக் கேள்விக்கு என் காது செல்லாது. சமையல்காரர் ஜீப்பிலிருந்து இறங்கி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார்.

“நான் கேட்டேன். இரண்டு தடவையும்.”

தம்பி துப்பாக்கியை வாங்கிப் பார்த்தார். வலது தோளில் வைத்தார். வலது கை பிடியைத் தேடிப் போய் வெறும் இரும்பைத் தடவியது. இரண்டு முறை முயன்றார். “இதைப் பிடிக்கவே முடியவில்லையே” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்கு மேல் சாவியைப் பற்றிப் பேச்சு வரவில்லை.

திரும்பி வரும்போது அர்பாப் தூங்கிவிட்டார். ஒரு வருடத்தில் அவர் ஜீப்பில் தூங்கியது அன்றுதான். நான் சமையல்காரரிடம் கேட்டேன்.

“பின்சீட்டுல இருந்த ஒங்களுக்கு எப்பிடி மாமா கேட்டுச்சு?”

“ஒனக்குக் கேட்டுச்சா இல்லையா?”

“கேட்டுச்சு.”

“அப்பறம் என்ன? ரோட்டப் பாத்து ஓட்டு.”

கல்யாணத்தன்று பெரியவர்கள் உட்கார்ந்த தட்டில் சோற்றுக்கு மேல் அந்த மான்கறி இருந்தது. ஒரு சின்ன மான் அவ்வளவு பேருக்குக் காணாது, ஆளுக்கொரு துணுக்குதான். அர்பாப் கதையைச் சொன்னார். உட்கார்ந்தவர்கள் எழுந்து வேறு ஆட்கள் உட்கார்ந்தபோது மறுபடி சொன்னார். ஒவ்வொரு முறையும் மான் இன்னும் கொஞ்சம் தூரத்தில் நின்றது. இடது கையைத் தூக்கி, எப்படித் தட்டினார் என்று காட்டினார். அந்தக் கதையில் டிரைவர் இல்லை. நான் ஜீப்பருகே நின்றிருந்தேன். என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு துணுக்கைப் பிய்த்து என் பக்கம் வைத்தார். வலது கையால் சாப்பிட்டேன். நன்றாக வெந்திருந்தது.

துப்பாக்கி அன்றே கூடத்துச் சுவருக்குப் போய்விட்டது. மற்றவை எல்லாம் ஒரு பக்கம் பிடியை நீட்டிக்கொண்டிருக்க, அது மட்டும் எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. வருகிறவர்களிடம் அவரே அதை எடுத்துக் காட்டுவார். ஜீப்பு ஷெட்டில் இருந்தது, நானும் இருந்தேன். சிமெண்ட் கேம்புக்குப் போகவேண்டியிருக்கவில்லை. ஒளித்துவைக்க ஒன்றும் இல்லை, பயமும் இல்லை. மத்தியானம் இனி நன்றாகத் தூங்கலாம் என்று கட்டிலில் சாய்ந்தேன்.

“என்ன மாப்ளே, இன்னமும் காலாட்டிக்கிட்டே கெடக்க?”

“தூக்கம் வரல மாமா.”

எழுந்து கூடத்துக்குப் போனேன். அர்பாப் தலையணையில் சாய்ந்திருந்தார், தூங்கவில்லை.

“என்ன ரஃபீக்?”

“மண் ஏறியிருக்கும் அர்பாப். துடைக்கணும்.”

“நேற்றுத்தானே துடைத்தாய்?”

“காற்று அடிச்சுது.”

அவர் நல்ல கண்ணால் என்னைப் பார்த்தார். பிறகு இடது கையால் சுவரைக் காட்டினார். நான் அதை இறக்கினேன். வாசற்படியில் உட்கார்ந்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, போல்ட்டைத் திறந்தேன், மூடினேன். மறுபடி திறந்தேன்.